சொல்லுக்கு அறுபது காசு

இரவு பதினொன்றரை. நன்னிலத்தில் மழை விட்டிருக்கிறது.
சென்னையிலிருந்து கோப்பு வந்திருக்கிறது,
விடிவதற்குள் தமிழில் வேண்டுமாம்.
எங்கோ ஒரு நாடு. அதன் எண்ணெயை
யாரும் வாங்கக் கூடாதென்று தீர்மானம்.
கப்பல்கள் பாதிக் கடலில் திரும்புகின்றன.
தூதர்கள் பெட்டி கட்டுகிறார்கள்.
மூன்றாம் பத்தியில் அந்த நாட்டுக்கு
ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

அது எங்கள் தெருவின் பெயர்.

றகரம் தேய்ந்து, வால் முளைத்து,
கடைசி எழுத்தில் ஒரு பெருமூச்சும் சேர்ந்து
திரும்பி வந்திருக்கிறது.
வெளிநாடு போனவர்கள்
கொஞ்சம் நிறம் மாறி வருவார்களே, அப்படி.
அடையாளம் தெரியாமலா போகும்?

தரங்கம்பாடியிலோ நாகப்பட்டினத்திலோ
தொப்பிக்காரன் ஒருவன் கை நீட்டி
யார் அவர்கள் என்று கேட்டிருப்பான்.
நாங்கள் பதில் சொல்லவில்லை.
கேள்வி காதில் விழுகிற தூரத்தில்
எங்களை நிற்க விட்டிருக்க மாட்டார்கள்.
பக்கத்தில் நின்றவர் சொன்னதை
அவன் தனக்குக் கேட்டபடி எழுதிக்கொண்டான்.
மை காயுமுன் கப்பல் கிளம்பிவிட்டது.

அகராதியைப் பிரித்தேன்.
பறை என்றால் தோல் போர்த்திய கருவி, தெரியும்.
பறை என்றால் பேச்சு. சொல்லுதல்.
நெல் அளக்கிற ஓர் அளவும் பறையாம்;
சிரித்துவிட்டேன். களத்தில் அளந்த கை எங்களுடையது,
நெல் யாருடையது என்று அதில் போடவில்லை.
இன்னும் கீழே, பொடி எழுத்தில்: சிறகு.
சிறகை யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

வத்சலா மேடத்துக்கு போன் போட்டேன்.
‘அப்படியே போட்டுடாதம்மா, கேஸ் ஆயிடும்.
ஒதுக்கப்பட்ட நாடுன்னு போடு, போதும்.’
சரிதான். தமிழில் எழுதினால் வழக்கு,
ஆங்கிலத்தில் எழுதினால் தலையங்கம்.

ஒதுக்கப்பட்ட.
நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
யார் ஒதுக்கினார்கள் என்பதை
தொண்டைக்குள்ளேயே விழுங்கிக்கொள்கிற சொல்.
தானாக ஒதுங்கிக்கொண்டதுபோல் ஒரு பணிவு அதில்.

மேலத்தெருப் பெரிய பண்ணை செத்த அன்று
அடிக்க ஆள் கூப்பிட வந்தார்கள்.
அப்பாவின் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்:
‘வரமாட்டோம்.’
அவர் அடித்த எந்த அடியும் அவ்வளவு தூரம் கேட்டதில்லை.
அந்த வருஷம் பதினெட்டாம் பெருக்குக்கு
ஊரே ஆற்றில் காதோலை கருகமணி விட்டது.
எங்கள் வாய்க்காலின் மடைப்பலகையை மட்டும்
யாரும் தூக்கவில்லை.
மளிகைக்கடை ராஜப்பா கடன் நோட்டை மூடினார்.
டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் வேகம் குறைக்கவில்லை.
நாற்றங்கால் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகி,
நான் அப்போது மூன்றாம் வகுப்பு.
பொருளாதாரத் தடை என்ற சொல்லுக்கு
எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

மூன்றரை மணிக்கு எழுதினேன்:
மற்ற நாடுகள் சேர்ந்து விலக்கிவைத்திருக்கும் நாடு.
தமிழில் ஐந்து சொல்.
கணக்கு ஆங்கிலச் சொல்லுக்குத்தான்.
அறுபது காசு.

அப்பா விழித்துக்கொண்டார்.
‘யாரோட பேசிக்கிட்டிருக்கே இந்நேரத்துல?’
சொன்னேன். எண்ணெய், கப்பல், தடை.
அந்தப் பெயரைச் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கூரைத் தகரத்தையே பார்த்தார்.
‘அங்க ஆறு இருக்கா?’
தேடிப் பார்த்தேன். இருக்குப்பா.
‘மடை யாரு கையில?’

அது கோப்பில் இல்லை.